தீபாவளிப் படமும் பூட்டிய பீரோவும்: தகவலைச் சோதிக்க மாணவர்களுக்கு யார் கற்றுத்தருவது?

ஐப்பசி பிறந்துவிட்டால் ஒரு படம் கைப்பேசிகளில் வலம்வரத் தொடங்கிவிடும். கறுப்புப் பின்னணியில் இந்தியா. அதன்மேல் வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு எனப் பல நிறங்களில் ஒளிப்புள்ளிகள். "தீபாவளி இரவில் நம் நாடு, நாசா செயற்கைக்கோள் எடுத்தது" என்று கீழே ஒரு வரி. நன்கு படித்தவர்களும் அதைப் பெருமையோடு பகிர்கிறார்கள்.

அந்தப் படம் தீபாவளிக்கு எடுத்ததே இல்லை. ஒரே இரவில் எடுத்த படமும் இல்லை. இதை நாசாவே 2012-இல் விளக்கிவிட்டது. ஆனால் ஆண்டுதோறும் புதிதாகப் பத்து வயதைத் தொடும் பிள்ளைகள் அதை முதன்முறையாகப் பார்த்து நம்புகிறார்கள். விளக்கம் ஒருமுறை வந்தது; படம் வருடந்தோறும் வருகிறது.

கையில் வரும் தகவலைச் சோதித்துப் பார்ப்பதை உலகின் பல பகுதிகளில் பள்ளிகள் பாடமாக்கத் தொடங்கியிருக்கின்றன; சில இடங்களில் பள்ளி நூலகரின் துணையோடு. செய்திகளில் இதைப் படிப்பவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. கணினிப் பாடம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, இது என்ன புதிதாக? இதில் நூலகர் எங்கிருந்து வந்தார்? இரண்டையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தகவல் அறிதிறன் என்றால் என்ன?

இந்தக் கருத்தை ஆங்கிலத்தில் முதலில் பெயரிட்டு எழுதியவர் பால் ஸர்கோவ்ஸ்கி, ஆண்டு 1974. அமெரிக்காவின் தேசிய நூலக ஆணையத்துக்கு அவர் எழுதிய அறிக்கையில் அது இடம்பெற்றது. இணையம் வீடுகளுக்கு வருவதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிறந்த கருத்து இது. 1989-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு ஒன்று அதற்குத் தெளிவான வரையறை தந்தது. தமிழில் தகவல் அறிதிறன் என்றும், தகவல் எழுத்தறிவு என்றும் சொல்கிறோம். அந்த வரையறையைப் பிரித்தால் நான்கு திறன்கள் கிடைக்கும்.

1. எனக்கு இப்போது ஒரு தகவல் தேவை, எனக்குத் தெரிந்தது போதாது என்று உணர்வது.
2. அது எங்கே கிடைக்கும் என்று அறிந்து தேடி எடுப்பது.
3. கிடைத்தது நம்பத்தக்கதா என்று மதிப்பிடுவது.
4. அதை முறையாக, எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லிப் பயன்படுத்துவது.

கணினிப் பாடம் கருவியைக் கையாளக் கற்றுத்தருகிறது. உலாவியைத் திறக்கத் தெரிந்த பிள்ளைக்கு, திறந்த பக்கத்தை நம்பலாமா என்பதும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 'பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது' என்பதும் மூன்றாவது திறனின் ஒரு துண்டு மட்டுமே. முதல் திறனைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் நான்கில் கடினமானது அதுதான். சந்தேகம் வராதவர் தேடமாட்டார்.

பார்த்தால் நம்பத் தோன்றுவது ஏன்?

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தின் போக்கையே மாற்றியது. பன்னிரண்டு அமெரிக்க மாநிலங்களில் 7,804 விடைகளைச் சேகரித்தார்கள். 'விளம்பரதாரர் வழங்கும் உள்ளடக்கம்' என்று தெளிவாக எழுதியிருந்தும், நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அந்த விளம்பரத்தைச் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு சோதனையில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு படத்தைக் காட்டினார்கள். உருக்குலைந்த டெய்சிப் பூக்கள். புகுஷிமா அணுவுலை விபத்தின் விளைவு என்று குறிப்பு. படத்தை யார் எடுத்தார், அது புகுஷிமாவில்தான் எடுக்கப்பட்டதா என்பதற்கு அந்தப் பதிவில் ஆதாரமே கிடையாது. அப்படிப்பட்ட பூக்கள் கதிர்வீச்சு இல்லாத தோட்டங்களிலும் பூக்கின்றன. இருந்தும் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் அதை வலுவான சான்று என்று வாதிட்டார்கள். கண்ணால் கண்டோம் என்பதே அவர்களுக்குப் போதுமான காரணமாக இருந்தது.

இத்தனைக்கும் இணையத்தை மதிப்பிடுவது பற்றிப் பல பள்ளிகளில் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்த முறையில்தான் கோளாறு. நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது ஒரு கேள்விப் பட்டியல்: பக்கத்தில் ஆசிரியர் பெயர் உண்டா, தேதி உண்டா, எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா, இணைய முகவரி (.com, .org என்று) எப்படி முடிகிறது. எல்லாக் கேள்விக்கும் விடை அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏமாற்ற நினைப்பவர்தான் அந்தப் பக்கத்தை எழுதுகிறார். நல்ல சின்னம், பிழையில்லாத நடை, 'எங்களைப் பற்றி' என்று ஒரு பத்தி, எல்லாவற்றையும் அவரால் ஒரே பிற்பகலில் செய்துவிட முடியும். வந்தவரின் சான்றிதழை வந்தவரிடமே கேட்டு வாங்கிப் பார்ப்பது போன்றது இது.

பக்கத்தை விட்டு வெளியே வருவது

அதே ஸ்டான்போர்டு குழுவின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் அடுத்து ஒரு நல்ல வேலை செய்தார்கள். பத்து வரலாற்றாசிரியர்கள், பத்துத் தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்போர்டு மாணவர்கள் ஆகியோரைத் திரைமுன் உட்காரவைத்து, இணையதளங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று கவனித்தார்கள்.

குழந்தைகள் நல மருத்துவர்களின் இரண்டு அமைப்புகளுடைய பக்கங்கள் சோதனைக்கு வந்தன. ஒன்று 1930-இல் தொடங்கிய, அறுபதாயிரத்துக்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்ட பெரிய சங்கம். மற்றொன்று, ஒருபாலினத் தம்பதியர் குழந்தையைத் தத்தெடுப்பது பற்றிய கருத்து வேறுபாட்டால் 2002-இல் பிரிந்துபோன சிறு குழு. பெயர்களும் தோற்றமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. மாணவர்களும், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்களில் சிலரும் பக்கத்தை மேலிருந்து கீழே கவனமாகப் படித்தார்கள், தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தைப் படிக்கவே இல்லை. சில விநாடிகளில் வேறு சாளரங்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். வித்தியாசத்தை உடனே கண்டுகொண்டார்கள்.

இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். ஒரு பக்கத்தில் மேலும் கீழும் நகராமல், பக்கங்களுக்கு இடையே குறுக்கே நகர்வது. ஊன்றிப் படி என்று பள்ளி காலமெல்லாம் சொல்லிவந்ததற்கு இது மாறாகத் தோன்றலாம். எதை ஊன்றிப் படிக்கலாம் என்று முடிவெடுத்த பிறகே ஊன்றிப் படிக்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம்.

தீபாவளிப் படத்தில் செய்து பார்ப்போம்.

1. முதலில் நிற்பது. என்ன சொல்கிறது இந்தக் குறிப்பு? எடுத்தது நாசா, எடுத்த நேரம் தீபாவளி இரவு. சோதிக்கத்தக்க இரண்டு கூற்றுகள். 'எவ்வளவு அழகு' என்பது சோதிக்கத்தக்கதன்று, அதை ஒதுக்கிவிடலாம்.

2. வெளியே தேடுவது. நாசா, தீபாவளி, இந்தியா, இரவுப் படம் ஆகிய சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இட்டுப் பார்ப்பது. தமிழில் மட்டும் தேடினால் அதே படத்தைப் பகிர்ந்தவர்களின் பதிவுகள் வந்து குவியலாம். ஆங்கிலத்தில் தேடும்போது நாசாவின் புவி நோக்ககப் பக்கம் கிடைத்துவிடும். நம் மாணவர்களுக்கு இது தனியாகவே கற்றுத்தர வேண்டிய திறன்.

3. மூலத்துக்குப் போவது. அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ் 2003-இல் உருவாக்கிய படம் அது என்று நாசாவின் பக்கம் சொல்கிறது. பல ஆண்டுத் தரவுகளைச் சேர்த்து, நகர விளக்குகள் எப்படிப் பெருகின என்று காட்டுவதற்காகச் செய்தது. வெள்ளை, 1992-க்கு முன்பே இருந்த வெளிச்சம். நீலம் 1992-இலும், பச்சை 1998-இலும், சிவப்பு 2003-இலும் புதிதாகத் தென்பட்டவை. பிள்ளைகள் வாணவேடிக்கை என்று நினைக்கும் அந்த நிறங்கள் உண்மையில் ஆண்டுகள்.

4. ஒப்பிடுவது. 2012 நவம்பர் 12 இரவு, தீபாவளிச் சமயத்தில், சுவோமி செயற்கைக்கோள் எடுத்த உண்மையான படத்தையும் நாசா வெளியிட்டது. அதில் இந்தியா மற்ற இரவுகளைப் போலத்தான் இருக்கிறது. பண்டிகையால் கூடும் வெளிச்சம் விண்ணிலிருந்து தெரியாத அளவுக்கு மிகக் குறைவு.

இந்த நான்கு படிகளுக்கு முன்பாகவே ஒரு தமிழ்ப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். நம் ஊரில் தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலோடு தொடங்கும் பண்டிகை. வீடு முழுக்க விளக்கு வரிசை வைப்பது கார்த்திகைக்கு. அப்படியிருக்க, படத்தில் தமிழ்நாடு ஏன் இத்தனை நிறத்தில் மின்னுகிறது? பிள்ளைக்குத் தெரிந்த உலகத்தையும் அதன் கையில் இருக்கும் தகவலையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கச் சொல்வதுதான், நான் முன்னே சொன்ன முதல் திறனுக்கான பயிற்சி.

இது பெருமைக்காகச் சுற்றும் படம்; பெரிய கேடில்லை என்று விட்டுவிடலாம். 2018-இல் சுற்றியதை அப்படி விட முடியாது. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிச் செல்லும் காணொளி அது. கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி இறக்கிவிட்டு அறிவிப்புப் பலகையைக் காட்டும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு இந்தியா முழுவதும் அனுப்பினார்கள். அந்த ஆண்டு குழந்தை கடத்தல் வதந்தியால் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த வயதான பெண் ஒருவரும் அப்படித்தான் உயிரிழந்தார். ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வெட்டப்பட்ட அந்தக் கடைசிப் பகுதியைத் தேடிப் பார்க்கும் பழக்கத்தை எந்தச் செயலியும் தந்துவிட முடியாது.

நூலகர் ஏன்?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'காவிரி' பற்றிச் செய்திட்டம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நடப்பது என்ன? அப்பா அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார். கடைக்காரர் தட்டச்சு செய்து முதலில் வந்ததை ஆறு பக்கம் வண்ணத்தில் அச்செடுத்துத் தருகிறார். வீட்டில் அதை வெட்டிச் சார்ட்டில் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் ஓரம் கட்டுகிறார்கள். மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. தகவல் தேவை என்று உணரவில்லை, தேடவில்லை, மதிப்பிடவில்லை, மூலத்தைச் சொல்லவில்லை. நான்கு திறன்களில் ஒன்றுகூட அவள் கைக்கு வரவில்லை.

அவளே ஒரு நூலகரிடம் போயிருந்தால் முதல் கேள்வி அவளை நோக்கி வந்திருக்கும். காவிரியில் உனக்கு எது தெரிய வேண்டும்? ஆறு எங்கே பிறக்கிறது என்பதா, கல்லணையா, தண்ணீர்ப் பங்கீடா? தண்ணீர்ப் பங்கீடு என்றால் எந்தக் காலத்தது? 1892, 1924 ஒப்பந்தங்களா, 2007 நடுவர் மன்றத் தீர்ப்பா, 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பா? இப்படி நாலு கேள்வியில் 'காவிரி' என்ற கடல் ஒரு சிறு வாய்க்காலாகச் சுருங்கிவிடும். பிறகு கலைக்களஞ்சியம் எதற்கு, செய்தித்தாள் எதற்கு, தீர்ப்பின் மூலப் பிரதி எதற்கு என்று வேறுபடுத்திக் காட்டுவார். ஒரே நதியைப் பற்றிச் சென்னையில் வந்த செய்தியையும் பெங்களூரில் வந்த செய்தியையும் அருகருகே வைப்பார். இதைவிட நல்ல தகவல் அறிதிறன் பாடம் தமிழ்நாட்டுப் பிள்ளைக்குக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

பாட ஆசிரியர் இதைச் செய்யக்கூடாதா? செய்யலாம், சிறந்த ஆசிரியர்கள் செய்கிறார்கள். ஆனால் அவர் பாடத்தை முடிக்க வேண்டியவர். வரலாற்று ஆசிரியருக்கு வரலாற்றின் மூலங்கள் தெரியும். அறிவியல் ஆசிரியருக்கு அறிவியலின் மூலங்கள். பாடங்களுக்குக் குறுக்கே நின்று, தகவல் எங்கே எப்படிப் பிறக்கிறது, எப்படி வகைப்படுகிறது, எப்படித் தேடுவது என்பதையே தொழிலாகப் பயின்றவர் பள்ளியில் ஒருவர்தான்.

இது நமக்கு அந்நியமான சிந்தனையும் இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிரி. 'நூல்' என்ற இடத்தில் 'தகவல்' என்று போட்டுப் படித்தால், இன்றைய பள்ளி நூலகரின் பணி விவரம் முழுதாகக் கிடைத்துவிடுகிறது.

சட்டத்தில் நூலகம் உண்டு, நூலகர் இல்லை

ரங்கநாதனின் உழைப்பால் வந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். இன்றும் வீட்டு வரியோடு நாம் நூலக வரி கட்டுகிறோம். பள்ளி நூலகத்துக்கு இப்படி ஓர் அடித்தளம் அமையவில்லை.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்கான நூல்களும் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. அதே அட்டவணை மேல் தொடக்க வகுப்புகளுக்கு ஓவியம், உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. நூலகர் பற்றி ஒரு சொல் இல்லை. சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. அது புத்தகத்துக்கான பணம்.

விளைவு எல்லோரும் அறிந்ததே. கேந்திரிய வித்யாலயாக்களில் நூலகர் பணியிடம் இருக்கிறது. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகம் என்பது ஓர் ஆசிரியருக்குக் கூடுதல் பொறுப்பு. புத்தகம் தொலைந்தால் அவர் கணக்குச் சொல்ல வேண்டும்; தணிக்கையில் இருப்புப் பதிவேடு சரியாக இருக்க வேண்டும். எனவே பீரோ பூட்டியிருக்கிறது. இதில் அந்த ஆசிரியரைக் குறைசொல்ல நான் தயாராக இல்லை. புத்தகத்தைக் காப்பது அவருடைய கடமை என்று எழுதிவைத்துவிட்டு, பிள்ளைகளுக்குத் திறந்துவிடவில்லை என்று வருந்துவது நியாயமில்லை.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் 2018-இல் 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை அடையாளம் காணும் வகுப்புகளை நடத்தியது. தூண்டுதல், அதற்கு முந்தைய ஆண்டு தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்கு எதிராகப் பரவிய வாட்ஸ்அப் வதந்திகள். 2017 பிப்ரவரியில் அதே தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டிலும் நடந்தது. அதே வகை வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்க, இயக்கத்தை நீட்டிக்க வேண்டியிருந்தது. நாம் அந்த அனுபவத்தைப் பாடமாக்கவில்லை.

2023 ஜனவரியில் நியூ ஜெர்சி, மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை தகவல் அறிதிறனைக் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலமானது. அந்தச் சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, பாடத் தரங்களை வகுக்கும் பணியில் சான்றிதழ் பெற்ற பள்ளி நூலகர்கள் இடம்பெற வேண்டும் என்ற பிரிவு. அமெரிக்காவை இதில் முழு முன்மாதிரியாகவும் கொள்ள முடியாது. பிலடெல்பியா போன்ற பெருநகரப் பொதுப் பள்ளிகளில் நிதிக்குறைப்பால் நூலகர்கள் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்தார்கள்.

இல்லாத புத்தகங்களின் காலம்

2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழோடு ஒரு கோடைகால வாசிப்புப் பட்டியல் வந்தது. வெளி நிறுவனம் தயாரித்துத் தந்த இணைப்பு அது. பதினைந்து தலைப்புகளில் பத்து நூல்களை யாருமே எழுதியதில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி, புகழ்பெற்ற எழுத்தாளர்களின் பெயரில் புத்தகங்களையும் கதைச் சுருக்கங்களையும் கற்பனையாக உருவாக்கியிருந்தது. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இதே போல் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதால், அவர்களுக்கும் அவர்களுடைய நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

இந்தச் செயலிகள் ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து வாக்கியம் அமைப்பவை. எழுத்துப் பிழை இருக்காது, தயக்கம் இருக்காது, மேற்கோள் அமைப்பும் கச்சிதமாக இருக்கும். பழைய கேள்விப் பட்டியல் கேட்ட அத்தனை தேர்வுகளிலும் அவை தேறிவிடும். அந்தப் பத்துப் புத்தகங்களைப் பிடிக்கத் தேவையானது ஒரு நூலகப் பட்டியலைத் திறந்து தலைப்பைத் தேடுவது மட்டும்தான். அப்படித் தேட வேண்டும் என்று தோன்றுவதும், எங்கே தேடுவது என்று தெரிவதும் பழக்கத்தால் வருபவை.

இப்போதே செய்யக்கூடியவை

ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் பயிற்சி பெற்ற ஒரு நூலகர் வேண்டும். அதில் சமரசம் செய்ய எனக்கு மனமில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கையே போதுமான நூலகப் பணியாளர்கள் வேண்டும் என்கிறது. ஆனால் பணியிடம் உருவாகும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

1. தமிழ்நாட்டில் பொது நூலகத் துறை பள்ளிக் கல்வித் துறையின் கீழ்தான் இயங்குகிறது. கிளை நூலகருக்கும் பள்ளித் தலைமையாசிரியருக்கும் மேலே இருப்பது ஒரே செயலகத் துறை. நூலகவியல் படித்த கிளை நூலகர் மாதம் இரண்டு நாள் அருகிலுள்ள பள்ளிக்குச் சென்று வகுப்பெடுக்க ஓர் ஆணை போதும்.

2. புத்தகம் தொலைவதையும் கிழிவதையும் ஓரளவு இயல்பான தேய்மானமாக ஏற்கும் விதி வேண்டும். அது வந்தால் பீரோ தானாகத் திறக்கும்.

3. செய்திட்ட மதிப்பெண்ணில் ஒரு பகுதியை மூலங்களுக்கு ஒதுக்கலாம். எங்கிருந்து எடுத்தாய், வேறெங்கே சரிபார்த்தாய் என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஜெராக்ஸ் கடை அதை அச்செடுத்துத் தர முடியாது.

வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை கால அட்டவணையில் உள்ள பள்ளிகளில் இன்னும் எளிது. ஐப்பசி பிறப்பதற்குள் அந்தத் தீபாவளிப் படத்தைக் குறிப்பு வரி இல்லாமல் அச்செடுத்து எட்டாம் வகுப்பில் குழுவுக்கு ஒன்றாகக் கொடுக்கலாம். நிறங்கள் எதைக் காட்டுகின்றன என்று முதல் பத்து நிமிடம் ஊகிக்க விடலாம். அடுத்த பத்து நிமிடத்தில் குறிப்பு வரியைக் கரும்பலகையில் எழுதி, நம் ஊரில் விளக்கு வைப்பது எப்போது என்று கேட்கலாம். மீதி இருபது நிமிடத்துக்குப் பள்ளியின் கணினியோ ஆசிரியரின் கைப்பேசியோ ஒன்று இருந்தால் போதும். 1992, 1998, 2003 என்ற மூன்று ஆண்டுகளையும் பிள்ளைகளே கண்டுபிடித்து நிறங்களுக்கு நேரே எழுதிவிடுவார்கள்.